புது இதயம் வந்து சேர்ந்தால் நம் வெள்ளை அணுக்கள் என்ன செய்யும்… தெரியுமா?

ஒரு பச்சைக் குழந்தையின் நெஞ்செலும்பை நடுவில் பிளந்து திறக்கும் டாக்டரின் கண்ணில் முதலில் படுவது இதயம் இல்லை, தெரியுமா? இதயத்தின் மேல் இளஞ்சிவப்பாக, இரண்டு மடலாகப் படுத்திருக்கும் தைமஸ் சுரப்பிதான்! அதை ஒதுக்கினால்தான் இதயம் கண்ணுக்குத் தெரியும். பல சமயம் பாதியையாவது வெட்டி எடுத்தால்தான் கை வைக்கவே இடம் கிடைக்கும். அந்தத் தைமஸின் வேலை என்ன? வேற்றாள் இதயம் உள்ளே வந்தால் அடையாளம் கண்டு அழிக்கக்கூடிய டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வளர்ந்து ஆளாகும் இடமே அதுதான். இதயமும் அதற்கு எமனாகக்கூடிய அணுக்கள் வளர்ந்த வீடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன!

தைமஸுக்குள் நுழையும் இளம் டி செல்களில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை. சொந்த உடம்பையே கடிக்கப் பார்க்கும் செல், எதையும் அடையாளம் காணத் தெரியாத செல் எல்லாம் உள்ளேயே மடிந்துவிடும். தேறியவை மட்டும்தான் ரத்தத்தில் இறங்கும். இவ்வளவு பெரிய காரியம் செய்யும் உறுப்பை 1961 வரை வேலை ஓய்ந்த சதைத் துண்டு என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது என்றால் நம்ப முடிகிறதா? லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் ஆராய்ச்சியாளர், பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். வேறு வகை எலியின் தோலை அவற்றின் மேல் ஒட்டினார். ஒட்டியது ஒட்டியபடியே நின்றது, மேலே ரோமமும் வளர்ந்தது!

டோல்கேட்டில் நடப்பது உடம்புக்குள்ளும் நடக்கிறது!

உளுந்தூர்பேட்டையைத் தாண்டித் திருச்சிப் பக்கம் போனால் செங்குறிச்சி டோல்கேட். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகை மேலே உள்ள கருவி கண் இமைப்பதற்குள் படித்துவிடுகிறதே, டி செல்லும் அப்படித்தான். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் எச்.எல்.ஏ. என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கிறது. டி செல் ஊர்ந்து ஊர்ந்து வந்து அதைத் தடவிப் படிக்கிறது. நம்முடையது என்றால் நகர்ந்துவிடும். இல்லை என்றால்?

அதற்கு முன் இதைக் கேளுங்கள். எச்.எல்.ஏ.வுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் கூட்டமாக இருக்கின்றன. உலக மக்களிடையே இதுவரை பதிவான வகைகள் 30,000-க்கும் மேல்! ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்குள்கூட முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று தென்னிந்திய மக்களின் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்தார். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த சமூகங்கள், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தாலும் எச்.எல்.ஏ. கணக்கில் தனித்தனியாக நிற்பதை அவரது ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் இன்னும் எவ்வளவோ உரக்கச் சொல்லப்பட வேண்டிய வேலை அது.

இப்போது வியப்புக்கு வருவோம். புதிதாக ஒரு கிருமி நுழைந்தால், அதை அடையாளம் காணக்கூடிய டி செல் லட்சத்தில் ஒன்று இருந்தாலே பெரிது. ஆனால் வேற்றாளின் எச்.எல்.ஏ.வைக் கண்டால் கிளர்ந்தெழும் டி செல்கள் எத்தனை தெரியுமா? நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை! எந்தக் கிருமிக்கும் இத்தனை பெரிய எதிர்ப்பு எழுவதில்லை. எப்போதோ வந்து போன வைரஸ் காய்ச்சலில் பழகிய நினைவு செல்கள்கூட, புது இதயத்தின் எச்.எல்.ஏ.வைப் பார்த்து அதே வைரஸ் என்று நினைத்துப் பாய்வதுண்டு.

இத்தனைக்குப் பிறகும் இதய மாற்றில் பெரும்பாலும் எச்.எல்.ஏ. பொருத்தம் பார்த்து இதயத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதற்கு நேரமே கிடையாது! ரத்த வகை, உடல் அளவு, வாங்குபவரின் ரத்தத்தில் அந்த இதயத்துக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே இருக்கிறதா என்ற சோதனை, இவைதான் முக்கியம். அந்த ஆன்டிபாடி யாரிடம் அதிகம் இருக்கும் தெரியுமா? பிள்ளை பெற்ற தாய்மார்களிடம். வயிற்றில் வளர்ந்த குழந்தைக்குத் தகப்பன் வழியில் வந்த எச்.எல்.ஏ.வை அவர்கள் உடம்பு பார்த்துவிட்டது அல்லவா? பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இதே நிலைமை வரலாம். சோதிக்காமல் பொருத்திவிட்டால், ரத்தம் பாய்ந்த சில நிமிடங்களிலேயே அந்த இதயம் கறுத்து நின்றுவிடக்கூடும்.

நாலு மணி நேரம்… அவ்வளவுதான்!

வெளியே எடுத்து ஐஸில் வைத்த இதயம் எத்தனை நேரம் தாங்கும்? சுமார் நாலு மணி நேரம். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிச் சென்னையில் இறங்குகிற நேரம்! சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும், கல்லீரல் அரை நாள் தாங்கும். இதயத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பழைய ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னைக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, சேலம் சாலை பிரியும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு, அந்த நாலு மணி நேரத்தின் பொருள் வேறு யாரையும்விட நன்றாகப் புரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட ஆம்னி பஸ்ஸும் லாரியும் வரிசைகட்டிப் போகும் சாலை இது. 108 சைரன் சத்தம் கேட்காத நாள் இருக்காது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 டிசம்பரில் இதே சாலையில் உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள்.

சாலைக்கும் வெள்ளை அணுவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது! ஆக்சிஜன் இல்லாமல் ஐஸில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் செல்கள் சிறிது சிறிதாக நலிகின்றன. புது உடம்பில் பொருத்தி ரத்தத்தை விட்டதும், நலிந்த செல்களிலிருந்து ஆபத்துச் சமிக்ஞைகள் கொட்டுகின்றன. முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள். நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது, தெரியுமா? வந்திருப்பது யார் வீட்டு இதயம் என்று அவை கேட்பதில்லை. அடிபட்ட திசு என்றால் நுழைந்து ரசாயனத்தைக் கொட்டும். அதைப் பார்த்து மற்றவை வரும். அதனால் சாலையில் வீணாகும் நேரம் பிற்பாடு டி செல்லின் கோபமாகத் திரும்பி வருகிறது. இன்னும் ஒரு படி பின்னே போனால், கொடையாளருக்கு மூளைச்சாவு நேரும் நேரத்திலேயே உடம்பில் அட்ரீனலின் புயல் ஒன்று அடிக்கிறது. கொடையாளரின் மார்பை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இதயத்துக்குள் அணுக்கள் விழித்துக்கொண்டுவிடுகின்றன!

2008 செப்டம்பரில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோரின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். பெற்றவர்கள் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள். போலீஸார் சிக்னல்களை நிறுத்தி வழிவிட, அவன் இதயம் சென்னை நெரிசலைக் கடந்து முகப்பேர் மருத்துவமனைக்குச் சுமார் 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமிக்குப் பொருத்தினார்கள். கிரீன் காரிடார் என்ற சொல்லைப் பத்திரிகைகள் சாதாரணமாக எழுதத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

இதயத்துக்குள் குடியிருக்கும் பழைய ஆட்கள்!

இடம் மாறும்போது இதயம் தனியாக வருவதில்லை, தெரியுமா? கொடையாளரின் வெள்ளை அணுக்களும் கூடவே வருகின்றன. அவற்றில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் இரண்டு வகை. ஒன்று, அவர் தாய் வயிற்றில் கருவாக இருந்தபோதே இதயத்தில் குடியேறி, அங்கேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு வாழும் பரம்பரைக் குடி. மற்றொன்று, ரத்தத்திலிருந்து அவ்வப்போது வந்து தங்குவது. பரம்பரைக் குடி இதயத்தைப் பழுது பார்த்துக் காக்கிறது. வந்தேறி வகைதான் அழற்சியைத் தூண்டி மற்றவர்களைக் கூப்பிடுகிறது. ஆண் இதயம் பெண்ணுக்கும் பெண் இதயம் ஆணுக்கும் பொருத்தப்பட்டவர்களின் திசுவைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒய் குரோமோசோம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால், எந்த அணு யாருடையது என்று தெரிந்துபோகுமே!

இதைவிட ஆச்சரியம், இந்தக் குடியிருப்பு மேக்ரோஃபேஜ்கள் துடிப்புக்கான மின்சாரத்தைக் கடத்தவும் துணை செய்கின்றன என்று 2017-ல் எலிகளில் கண்டார்கள்! கிருமியை விழுங்கத்தான் இருக்கிறது என்று நூறு வருடத்துக்கு மேலாக நாம் படித்த அணு, இதயத்தின் தாளத்தில் பங்கெடுக்கிறது.

கூட வரும் இன்னொரு அணு டென்ட்ரைட்டிக் செல். கைகளை நீட்டிய நட்சத்திர உருவம். புது உடம்புக்கு வந்ததும் இது இதயத்தில் தங்காமல் கிளம்பி மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்ச் சேர்கிறது. அங்கே கூடியிருக்கும் டி செல்களுக்கு முன்னால் கொடையாளரின் எச்.எல்.ஏ.வை ஏந்திக்கொண்டு நிற்கிறது. காட்டிக்கொடுத்துவிடுகிறது! டி செல் பார்த்தால் மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு சம்மதச் சமிக்ஞையும் வேண்டும். அது கிடைக்காத டி செல் மரத்துப்போய் உட்கார்ந்துவிடும். கிடைத்துவிட்டால், ஒன்று சில நாட்களில் ஆயிரக்கணக்காகப் பெருகும். இந்தச் செல்லை 1973-ல் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டெய்ன்மன், தன் கணையப் புற்றுநோய்க்குத் தன்னுடைய டென்ட்ரைட்டிக் செல்களையே கொண்டு சிகிச்சை எடுத்துக்கொண்டார். 2011-ல் அவருக்கு நோபல் அறிவித்தபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பரிசுக் குழுவுக்கு அது தெரியாது! பரிசை ரத்து செய்யாமல் அப்படியே கொடுத்தார்கள்.

பெருகிய டி செல்களில் கொல்லும் வகை, ரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து இதயத் தசைக்குள் நுழைகிறது. தசை செல்லோடு ஒட்டிக்கொண்டு பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளை போடுகிறது. துளை வழியே கிரான்ஸைம் என்ற என்ஸைம் உள்ளே போகிறது. தசை செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. கொன்ற செல்லுக்குக் காயம் ஏதும் இல்லை. அடுத்ததைத் தேடி நகர்ந்துவிடும்!

இது நடக்கிறதா என்று டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நோயாளி விழித்திருக்கும்போதே, கழுத்து மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே உள்ள ரத்தக் குழாய் வழியாக நீளமான மெல்லிய கம்பி ஒன்றை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி இதயத்தின் வலது அறைக்குள் இறக்குகிறார்கள். கம்பியின் நுனியில் சின்னஞ்சிறு தாடை. அது கடித்து எடுத்து வரும் துணுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ரோஸ் நிறத் தசை நார்கள் வரிவரியாகத் தெரியும். நடுவே கருநீலப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பயமில்லை. புள்ளிகள் கூட்டம் கூட்டமாக நார்களை அரித்துக்கொண்டிருந்தால், உடம்பு இதயத்தை நிராகரிக்கிறது என்று பொருள், அதுதான் ரிஜெக்‌ஷன்! அந்தப் புள்ளிகள்தான் டி செல்கள். நோயாளிக்கோ மூச்சு வாங்கவும் இல்லை, காலில் வீக்கமும் இல்லை. அதற்கு முன்பே அந்தத் துணுக்கு சொல்லிவிடுகிறது. முதல் வருடத்தில் பல தடவை இதைச் செய்ய வேண்டிவரும்.

உளுந்தூர்பேட்டை ஓடுதளமும் ஒரு நோபல் பரிசும்

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது, தெரியுமா? விமானங்கள் வராமல் கைவிடப்பட்டுக் கிடந்த இடம். அதே போரின்போது இங்கிலாந்தில், எரிந்து விழுந்த விமானங்களிலிருந்து மீட்கப்பட்ட விமானிகளுக்குத் தோல் ஒட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. பீட்டர் மெடவார் என்ற விலங்கியல் அறிஞர் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். 1943-ல் கிளாஸ்கோவில் கிப்சன் என்ற டாக்டரோடு சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். உதிர்ந்தது. மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை இன்னும் சீக்கிரம் உதிர்ந்தது! உடம்பு நினைவு வைத்திருக்கிறது. ஒட்டாமல் போவதற்குக் காரணம் கைப்பக்குவக் குறை இல்லை, நோய் எதிர்ப்பு சக்திதான் என்று அங்கேதான் தெளிவானது.

அப்புறம் மெடவாருக்கு வழிகாட்டியது எது தெரியுமா? மாட்டுக் கன்று! காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். வயிற்றுக்குள் இரண்டு கன்றுகளுக்கும் நச்சுக்கொடி வழியே ரத்தம் கலந்துவிடுவதுதான் காரணம். அப்படிப்பட்ட இரட்டையர்கள் வளர்ந்த பிறகும் ஒன்றின் ரத்த அணுவை மற்றொன்று சுமந்துகொண்டு, எதிர்க்காமல் வாழ்வதை 1945-ல் அமெரிக்காவின் ரே ஓவன் கண்டார். கருவிலேயே பழகிவிட்டால் அந்நியமும் சொந்தமாகிவிடும்! மெடவார் குழு 1953-ல் இதை எலிகளில் செய்து காட்டியது. 1960-ல் நோபல்.

பச்சைக் குழந்தைகளுக்கு இந்தச் சலுகை கொஞ்ச காலம் நீடிக்கிறது. பிறந்த சில மாதங்களுக்கு ஏ, பி ரத்த வகைகளுக்கு எதிரான ஆன்டிபாடி குழந்தையிடம் இருக்காது. கனடாவின் டொராண்டோவில் லோரி வெஸ்ட் குழுவினர் 1996 முதல், ரத்த வகை பொருந்தாத இதயங்களையே கைக்குழந்தைகளுக்குப் பொருத்தினார்கள். பெரியவர் என்றால் அந்த இதயம் அன்றே போயிருக்கும். அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள், அந்த ரத்த வகையை அவர்கள் உடம்பு எதிர்க்கவேயில்லை!

மண்ணிலிருந்து வந்த மருந்து

1967 டிசம்பர் 3-ல் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். அந்த இதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் வாழ்ந்தார். அவரைக் கொண்டுபோனது நிமோனியா. வெள்ளை அணுக்களை அடக்க மருந்து கொடுத்ததில், கிருமிகளுக்குக் கதவு திறந்துவிட்டது. 1968-ல் மட்டும் உலகெங்கும் சுமார் நூறு இதய மாற்றுகள் நடந்தன. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சென்னும் அந்த வருடம் பிப்ரவரியில் முயன்றார். பெரும்பாலானவர்கள் பிழைக்கவில்லை. கை தேர்ந்த சர்ஜன்களே கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். தையல் அவர்களுக்குக் கைவந்துவிட்டது. டி செல்தான் கைவரவில்லை.

மீட்டது எது? மண்! நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் 1969-ல் அள்ளி வந்த ஒரு பிடி மண்ணில் இருந்த பூஞ்சை, சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைத் தந்தது. ஜப்பானின் சுகுபா மலையடிவார மண்ணிலிருந்து ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா, டாக்ரோலிமஸைத் தந்தது. இரண்டும் செய்வது ஒரே வேலை. டி செல் அந்நியனைப் பார்க்கும். ஆனால் பெருகச் சொல்லும் உத்தரவு அதன் உட்கருவுக்குப் போய்ச் சேராது. இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பம் நமக்குப் புதிதில்லை. வெயிலில் காய்ந்து கிடந்த மல்லாட்டைக் கொல்லையில் முதல் மழை விழுந்ததும் கிளம்பும் மண்வாசனை இருக்கிறதே, அதைத் தயாரிப்பதும் இதே குடும்பத்துப் பாக்டீரியாக்கள்தான்! உளுந்தூர்பேட்டை வயல்களிலும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் அவை கோடி கோடியாக இருக்கின்றன.

மூன்றாவது மண் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பசிபிக் கடல் நடுவே ராபா நூயி என்ற ஈஸ்டர் தீவிலிருந்து 1964-ல் ஒரு கனடாக் குழு மண் எடுத்து வந்தது. அதிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்தவர், மாண்ட்ரியலில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேந்திரநாத் சேகல். 1980-களின் தொடக்கத்தில் கம்பெனி அந்த ஆய்வுக்கூடத்தை மூடியது, ஆராய்ச்சியையும் கைவிட்டது. சேகல் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பாக்டீரியாவை எடுத்துப்போய்த் தன் வீட்டு ஃப்ரீஸரில் வைத்துக் காப்பாற்றினார்! வருடங்கள் கழித்து ஆராய்ச்சி மீண்டும் தொடங்கியது. 1999-ல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்றுக்கு அனுமதி கிடைத்தது. இதய மாற்று நோயாளிகள் பலருக்கும் இன்று அது கை கொடுக்கிறது. ஒரு மனிதரின் பிடிவாதம் எத்தனை பேரின் நெஞ்சுக்குள் துடித்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள்!

டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தொடக்கூடாது, தெரியுமா? அதில் உள்ள பொருள்கள், மருந்தை உடைக்கும் என்ஸைமை முடக்கிவிடும். ரத்தத்தில் மருந்து எகிறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலையிலிருந்து வந்த நல்ல மூலிகை, ஊர் வைத்தியர் கொடுத்த கஷாயம் எதுவானாலும் மாற்று சிகிச்சை டாக்டரிடம் கேட்காமல் வாயில் வைக்கக்கூடாது. அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடு.

இந்தியாவில் முதல் வெற்றி 1994 ஆகஸ்ட் 3-ல் டெல்லி எய்ம்ஸில், டாக்டர் பி. வேணுகோபால் கையால் வந்தது. மூளைச்சாவைச் சட்டம் அங்கீகரித்தது அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான். இன்று வெளிநாட்டவரும் சென்னையைத் தேடி வருகிறார்கள். 2024-ல் கராச்சியைச் சேர்ந்த 19 வயதுப் பெண்ணுக்கு, டெல்லியில் கொடையாகக் கிடைத்த இதயத்தைச் சென்னையில் பொருத்தினார்கள்.

வலிக்காத இதயம்

மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. வெட்டியாகிவிட்டதே! அதனால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 தடவை அடிக்கும். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் கூடாது. ரத்தத்தில் அட்ரீனலின் வந்து சேர்ந்த பிறகுதான் கூடும். சில நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டுதான் அவர்கள் வேலையில் இறங்குகிறார்கள்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வருடக்கணக்கில் டி செல்லும் ஆன்டிபாடியும் சத்தமில்லாமல் இதயத்தின் ரத்தக் குழாய்களை உரசிக்கொண்டே இருக்கும். குழாயின் உள்சுவர் சுற்றிலும் தடித்து, நுனி வரை குறுகிப்போகும். பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வருகிறது. நமக்கென்றால் நெஞ்சு வலித்து எச்சரிக்கும். நரம்பில்லாத இதயம் பெரும்பாலும் வலிக்காது! அதனால்தான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவரையும் வருடா வருடம் வரவழைத்துச் சோதிக்கிறார்கள். ரத்தத்திலேயே பார்க்கவும் வழி வந்துவிட்டது. இதய செல் சாகும்போது அதன் டி.என்.ஏ. ரத்தத்தில் கலக்கும். அந்நிய டி.என்.ஏ. அளவு கூடினால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். 1997-ல் கர்ப்பிணியின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ.வைக் கண்டறிந்த டென்னிஸ் லோதான், மறுவருடம் மாற்று உறுப்பின் டி.என்.ஏ.வையும் ரத்தத்தில் கண்டு சொன்னவர்.

இவ்வளவையும் தாண்டி, நெதர்லாந்தின் பெர்ட் யான்சன் 1984-ல் பொருத்திய இதயத்தோடு 39 வருடங்களைக் கடந்து கின்னஸ் சாதனை படைத்தார்!

பன்றி இதயம் ஏன் நிற்கிறது?

பன்றியின் செல்களில் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை இருக்கிறது. நம் முன்னோர்கள் பரிணாமத்தில் எங்கோ அதைத் தொலைத்துவிட்டார்கள். நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் அது உண்டு. ஆகவே பிறந்த சில மாதங்களிலிருந்தே நாம் அதற்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறோம். பன்றி இதயத்தை வாழ்நாளில் பார்க்காதவர் உடம்பும் அதற்குத் தயாராகக் காத்திருக்கிறது! 1997-ல் அசாமில் டாக்டர் தனிராம் பருவா ஒருவருக்குப் பன்றி இதயத்தைப் பொருத்தினார். நோயாளி ஒரு வாரத்தில் இறந்தார், டாக்டர் சிறைக்குப் போனார். அந்த ஆன்டிபாடியைத் தாண்டும் வழி உலகில் யாரிடமும் இல்லாத காலம் அது. முறையான அனுமதி இல்லாமல் ஒரு மனித உயிரில் அதைச் செய்தது தவறுதான். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், பத்து மரபணுக்களைத் திருத்திய பன்றியின் இதயம் டேவிட் பென்னெட்டுக்குப் பொருத்தப்பட்டது. உடனடி எதிர்ப்பு வரவில்லை. இரண்டு மாதம் துடித்தது.

சமாதானம் செய்யும் அணுவும் இருக்கிறது!

வெள்ளை அணுக்களுக்குள்ளேயே மற்றவற்றை அடக்கும் வகை ஒன்று உண்டு, தெரியுமா? ரெகுலேட்டரி டி செல். 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி இதை அடையாளம் காட்டினார். 2001-ல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அதன் பின்னால் உள்ள மரபணுவைக் கண்டார்கள். 2025 நோபல் பரிசு இந்த மூவருக்கும்தான்! இந்தச் செல்களை வெளியே எடுத்து, பெருக்கி, உறுப்பு மாற்று நோயாளிக்கே திருப்பிச் செலுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. கொல்ல வந்த டி செல்லும் அடக்க வந்த டி செல்லும் பெரும்பாலும் ஒரே தைமஸில் வளர்ந்தவை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2021 ஆகஸ்டில் நடந்தது உலகிலேயே முதல் தடவை. ஒரு குழந்தைக்கு இதயத்தைப் பொருத்தினார்கள். அதே கொடையாளரின் தைமஸ் திசுவையும் ஆய்வுக்கூடத்தில் பக்குவப்படுத்திக் கொடுத்தார்கள்! அந்தத் தைமஸில் வளரும் டி செல்களுக்கு அந்த இதயம் சொந்தமாகிவிடும் அல்லவா? என்றாவது ஒரு நாள் மருந்தை நிறுத்திவிடலாம் என்பதே எதிர்பார்ப்பு. படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

இத்தனை விஞ்ஞானமும் தொடங்குவது ஒரு குடும்பம் ஐ.சி.யூ. வாசலில் சொல்லும் ‘சரி’ என்ற சொல்லில்தான். சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவை அறிவிக்கும். உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துவதாக 2023 செப்டம்பர் 23-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நீங்கள் தானம் செய்வதாகப் பதிவு செய்து கார்டு வைத்திருந்தாலும், கடைசியில் குடும்பத்தாரின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள். அதனால் பதிவு செய்யுங்கள். செய்ததை இன்று ராத்திரி சாப்பிடும்போதே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.